பதினாறாம் பக்கத்து ஓடை

ஒரு பதிப்பகம் நல்லதா கெட்டதா என்று பார்த்துவரச் சொல்லி, தமிழில் ஓரெழுத்துகூடப் படிக்கத் தெரியாத பெண்டாட்டியை அனுப்பிய எழுத்தாளன் உலகத்தில் மாரிசாமி ஒருவனாகத்தான் இருப்பான். சொர்ணலதாவும் அதையேதான் கேட்டாள். ஊதுவத்தி உருட்டும் பலகையை நகர்த்தி வைத்துவிட்டு, கரி அப்பிய இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

“இந்தக் கையெ வெச்சுக்கிட்டு நான் போயிப் பொஸ்தகம் பாக்கறதாக்கும்? எனக்கென்னங்க தெரியும்? அ எது, ஆ எதுன்னே தெரியாது.”

“படிக்கச் சொல்லலியே புள்ள. பாத்துட்டு வான்னுதான சொல்றேன். பொண்ணு பாக்கப் போனா அந்த ஊட்டு மனுசங்க மொகத்தெப் பாக்கறதில்லியா? அப்புடிப் பாரு.”

அதற்கு மேல் பேச முடியாமல் இருமல் வந்துவிட்டது. அவள் தகர டப்பாவை எடுத்து அவன் வாய்க்குக் கீழே பிடித்தாள்.

இருவருக்கும் மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளிதான் ஊர். அந்தப் பக்கத்தில் வீட்டுப் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் கன்னடம். சொர்ணலதா படித்ததும் அப்படித்தான். மாரிசாமி மட்டும் மேட்டூரில் தாய்மாமன் வீட்டில் தங்கி எட்டாவது வரை படித்ததால் அவனுக்குத் தமிழ் எழுத்து கைக்கு வந்துவிட்டது. மகள் ஜீவிதா மைசூரில் பிறந்து வளர்ந்தவள். துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கன்னடத்தில் பொரிந்து தள்ளுவாள். தமிழ் எழுத்தைக் கண்டால் ஜிலேபி என்பாள். ஆக அந்த வீட்டில் மாரிசாமி எழுதுவதைப் படிக்கக் கூடியவன் மாரிசாமி ஒருவனே.

அவன் கருங்கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவன். மைசூரில் எழும்பிய எத்தனையோ புது வீடுகளின் தரை அவன் தேய்த்தது. தேய்த்த கல்லெல்லாம் பளபளத்தது, பறந்த தூசியெல்லாம் அவன் நெஞ்சுக்குள் போய்க் குடியேறியது. பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு வேறொரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது கல்தூசி, மாத்திரைக்கு அடங்காது, தீபாவளி தாண்டினால் பெரிது என்று கன்னடத்தில் சொன்னார். சொர்ணலதாவுக்கு அந்தக் கன்னடம் நன்றாகவே புரிந்தது. புரியாமல் போயிருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் மைசூர்க் கேசரேயில் அந்த ஒற்றை அறை வீட்டின் சுவரில் சாய்ந்தபடியே அவன் உட்கார்ந்திருப்பான். தூக்கமும் அப்படியேதான்.

அவன் எழுதியது தம்பி மாதையனைப் பற்றி. ஊருக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு கல்குழியில் மாதையன் வேலை செய்தான். ஒருநாள் காலையில் களி தின்றுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன் திரும்பவில்லை. அன்றைக்குக் குழியில் வெடி தப்பி ஒரு பக்கம் சரிந்தது. சரிந்த இடத்தில் கழிவுக் கல்லைக் கொட்டி மூடினார்கள். மாதையன் அன்று வேலைக்கே வரவில்லை என்று குழிக்காரர்கள் சாதித்தார்கள். கேரளாவுக்கு ஓடியிருப்பான், எவளையாவது இழுத்துக்கொண்டு போயிருப்பான் என்று ஊரும் கூடச் சேர்ந்து பேசியது. பிணம் இல்லாததால் சாவு இல்லை, சாவு இல்லாததால் வாய்விட்டு அழவும் வழியில்லை.

பெற்றவள், சொர்ணலதாவின் மாமியார்க்காரி, சும்மா இருக்கவில்லை. மாதேஸ்வரன் மலைத் திருநீற்றை மடியில் முடிந்துகொண்டு, குழி மேஸ்திரி லிங்கப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. மலைத் திருநீற்றை உள்ளங்கையில் அள்ளி மூடிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் அது மலைச்சாமி மாதப்பன் காதில் விழுந்த வார்த்தை. பொய்யாகப் போனால் புலிமேல் வருகிறவன் வந்து கேட்பான். கோர்ட்டுக்கு அஞ்சாதவனும் அதற்கு அஞ்சுவான். “எம்மவன் அன்னிக்கு வரலீன்னு அள்ளிச் சொல்லு” என்று அவள் திருநீற்றை நீட்டினாள். லிங்கப்பன் அள்ளவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் குடும்பத்துக்கு அதுவே தீர்ப்பு. மாதையன் வேலைக்குப் போனான், கல்லுக்கடியில் கிடக்கிறான்.

தாய் போன பிறகு மாரிசாமி எழுத ஆரம்பித்தான். ஜீவிதா பள்ளிக்கூடத்தோடு விட்டெறிந்த மைப்பேனாதான் அவன் பேனா. வேலை முடிந்து வந்து, முகத்துத் தூசியைக்கூடக் கழுவாமல் குந்திக்கொண்டு எழுதுவான். வருஷக்கணக்கில் எழுதியது கட்டுக்கட்டாகச் சேர்ந்து ஒரு மஞ்சள் பையை நிறைத்தது.

“அவன் ஓடிப் போகலீங்கறது அச்சுல இருக்கோணும் புள்ள. நான் கண்ணெ மூடறதுக்குள்ள அதெ இந்தக் கண்ணு பாக்கோணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.”

இதைச் சொன்ன மனுஷனிடம் எப்படி மாட்டேன் என்பது? அவள் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் கரி அப்படியேதான் இருந்தது.

ஊதுவத்தி டப்பாவுக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் அக்ரஹாரத்தில் இருந்தது. அங்கே தமிழ்ப் பதிப்பகம் ஒன்று புதிதாகத் தொடங்கியிருப்பதாக ஊதுவத்திக் காண்டிராக்டர்தான் சொல்லியிருந்தான். வெளிப்பலகையில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு எல்லாம் கன்னடத்தில் எழுதியிருந்தது. தமிழ்ப் பலகை உள்ளே மிஷினுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தது. சேகரன் என்பவன் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நாற்பது வயசு இருக்கும். அவன் நகக்கண்ணும் கறுப்பாக இருந்ததைப் பார்த்ததும் சொர்ணலதாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“அந்தப் பலகையெ ஏந்தம்பி உள்ள மாட்டி வெச்சிருக்கறீங்க?”

“வெளிய மாட்டுனா எவனாச்சும் கல்லெடுப்பான்னு பயந்தானுங்க்கா. காவிரிக் கலாட்டாவுல பக்கத்துக் கடைக் கண்ணாடி போச்சு. நீங்க நம்ம பக்கமா? பேச்சு அப்புடி இருக்குதே.”

“கௌதள்ளிங்க.”

“நான் கொள்ளேகால்.”

அவன் ஒளித்துப் பேசவில்லை. ஈரோட்டில் கம்ப்யூட்டர் வந்ததும் ஓர் அச்சகத்துக்காரர் ஈய எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டார், அதில் கொஞ்சம் வாங்கி வந்து வைத்திருக்கிறேன் என்றான். இதுவரை போட்டது ஒரே ஒரு புத்தகம். செலவு அவனுடையது, விற்றால் பாதிப் பாதி.

“ஆனா எழுத்துப் பத்தாதுக்கா. எட்டுப் பக்கம் கோத்தா எழுத்துப் பெட்டி காலி. அதெ அடிச்சு, எழுத்தெப் பிரிச்சுப் போட்டுத்தான் அடுத்த எட்டு. கல்யாணப் பத்திரிகை வந்துட்டா அதெ மொதல்ல பாக்கோணும், வயித்துப் பொழப்பு. அதனால இழுக்கும். நான் படிக்காம எதையும் அடிக்கறதுமில்ல. மொதக் கட்டெ மட்டும் குடுத்துட்டுப் போங்க. என்னெப் பத்தி என்னையே கேக்காதீங்க, இந்தப் பொஸ்தகத்தெ எழுதுன அம்மாவப் போயிக் கேளுங்க.” அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த முதல் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு, தான் போட்ட அந்த ஒரு புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி அவளிடம் கொடுத்தான்.

அந்தம்மா கனகலக்ஷ்மி. ரயில்வேயில் இருந்த புருஷனோடு அரசிக்கெரே, ஹூப்ளி என்று குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகக் குடித்தனம் பண்ணிய கதையை எழுதியிருந்தவர். அவர் வீடும் அக்ரஹாரத்திலேயே இரண்டு தெரு தள்ளித்தான். சொர்ணலதாவை நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

“சேகரனா? அவனைப் பத்தி என்ன சொல்றது போங்கோ! ப்ரூஃபை மூணு தடவை எடுத்துண்டு வந்தான். ஒரு கால், ஒரு கொம்பு தப்பக்கூடாதும்பான். ஒரு வருஷம் இழுத்துட்டான். எங்காத்துக்காரர் தெனம் கன்னடத்துலயே கேப்பார், பந்தா, வந்துடுத்தான்னு. புஸ்தகம் வர்றதுக்குள்ள அவர் போய்ச் சேந்துட்டார்.”

சொர்ணலதாவின் கையில் டம்ளர் அசையாமல் நின்றது.

“ஆனா ஏமாத்தறவன் இல்லை, அதைச் சொல்லணும். வாயால ஒண்ணு சொன்னா அதுக்குக் கட்டுப்படுவான். அதனாலயே எதையும் சொல்லமாட்டான். எத்தனை கேட்டாலும் தேதி வாங்க முடியாது. நீங்க எதுக்கும் எல்லாத்தையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்கோ.”

இத்தனையும் சொன்னார். சொர்ணலதாவின் காதில் தங்கியது ‘ஒரு வருஷம்’ மட்டும்தான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தீபாவளியைக் கணக்கு வைத்து மூச்சு விடுகிறவனை வீட்டில் வைத்திருப்பவளுக்கு வேறு எது காதில் விழும்?

மாரிசாமி அந்தப் புத்தகத்தை வாங்கி, முதலில் படிக்கவில்லை. கண்ணுக்கு நேரே பிடித்து மூலை கோணாமல் இருக்கிறதா என்று பார்த்தான். எச்சில் தொட்டு எழுத்தின்மேல் தேய்த்துப் பார்த்தான். நடுவில் விரித்து, தையல் விடுகிறதா என்று அழுத்திப் பார்த்தான். அன்றைக்கு அவரைக்கொட்டைச் சாறும் களியும் வைத்திருந்தாள். அதைத் தட்டிலேயே ஆறவிட்டுப் படித்தான்.

“மட்டம் புடிச்சாப்பல இருக்குது புள்ள. ஒரு எழுத்து ஏறி எறங்கல. கைவேலக்காரன்தான். இவங்கிட்டக் குடுத்தரலாம்.”

“ஒரு வருசமாகும்ங்கறாங்க அந்தம்மா.”

அவன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, “தீவாளிக்குள்ள ஆகுமான்னு கேட்டுப் பாரேன்” என்றான். கெஞ்சுகிற குரல். கல்யாணம் ஆன நாளாக அவன் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

ஜெராக்ஸுக்கு ஜீவிதா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். “அச்சே வரப்போவுது, அதுக்குள்ள நகலு எதுக்கு? மழையில நனச்சுப் போடாதே” என்று அவன்தான் தடுத்துவிட்டான்.

ஆடிச் சோனை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஊதுவத்தி காயவில்லை, வேலையும் பாதிதான். சொர்ணலதா மஞ்சள் பையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி அக்ரஹாரத்துக்குப் போனாள். முந்தானையில் மலைத் திருநீறு முடிந்திருந்தது. மாமியார் முடிந்துகொண்டு போனதே போலத்தான்.

சேகரன் அன்றைக்கு உற்சாகமாக இருந்தான். “படிச்சேனுங்க்கா மொதக் கட்டெ. உங்க ஊட்டுக்காரரு நல்லா எழுதறாரு. களி கிண்டறதெக்கூட நேர்ல பாக்கறாப்பல இருக்குது. மிச்சம் கொண்டாந்திருக்கீங்களா?”

“கொண்டாந்திருக்கறேன். ஆனா ஒண்ணுங்க தம்பி. அவருக்கு நாளு இல்ல. தீவாளிக்குள்ள பொஸ்தகம் அவரு கைக்கு வரோணும். வருமா?”

அவன் முகம் மாறிவிட்டது. “பாடுபட்டுப் பாக்கறேனுங்க்கா.”

“பாக்கறேங்கறது வேற, தாரேங்கறது வேற.” அவள் முடிச்சை அவிழ்த்துத் திருநீற்றை நீட்டினாள். “இதெ அள்ளிக்கிட்டுச் சொல்லுங்க. தீவாளிக்குள்ள தாரேன்னு ஒரு வார்த்தெ. பையெ இப்பவே வெச்சுட்டுப் போறேன்.”

சேகரன் ஒரு எட்டுப் பின்னால் போனான். “அதெ முடிஞ்சுக்கோங்க்கா.”

“ஏன், கொள்ளேகால்காரருதான? மாதப்பனெத் தெரியாதா?”

“தெரியறதாலதான் சொல்றேன். அவனெ இதுல இழுக்காதீங்க. கரண்டு என் கையிலயா இருக்குது? எழுத்து என் கையிலயா இருக்குது? நான் அடிச்சுத் தாரேன், அதெ நம்புங்க. என்னிக்குன்னு மட்டும் கேக்காதீங்க.”

“மனசுல கள்ளமில்லாதவன் அள்ளறதுக்கென்ன?”

அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அதோடு தீர்ந்தது. சொர்ணலதாவின் கண்ணுக்கு அங்கே நின்றது சேகரன் இல்லை, லிங்கப்பன். திருநீற்றை முடிந்தாள், பையை எடுத்தாள். “மொதக் கட்டு இங்கயே மேசமேல இருக்குதுங்க்கா” என்று அவன் பின்னாலிருந்து சொன்னதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நனைந்துகொண்டே கேசரே வரைக்கும் நடந்தாள்.

“அவன் ஆளு சரியில்லீங்க. திருநீறு அள்ளலெ.”

மாரிசாமி சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்தான். “கையெ நீட்டவே இல்லியா?”

“பின்னால கட்டிக்கிட்டான்.”

“அப்பச் சரி. வுடு.”

மட்டம் பிடித்தாற்போல் இருக்கிறது என்று அவன் தன் வாயால் சொன்ன புத்தகம் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாது அவனால். திருநீற்றை அள்ளாதவனும் யோக்கியனாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் லிங்கப்பன் என்ன ஆவான், தான் வருஷக்கணக்கில் எழுதியதுதான் என்ன ஆகும்? மெட்ராஸுக்குத் தபாலில் போடலாமா என்று ஜீவிதா கேட்டாள். கையை மட்டும் ஆட்டினான். அதற்குப் பிறகு அவன் புத்தகப் பேச்சே எடுக்கவில்லை, பேனாவையும் தொடவில்லை. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அதில் சாய்ந்துகொள்வான். அச்சகத்தில் கிடக்கும் முதல் கட்டை வாங்கி வரட்டுமா என்று ஜீவிதா கேட்டபோது, “அந்த வாசப்படி மிதிக்காதே” என்று சொர்ணலதாதான் அதட்டினாள்.

ஐப்பசியில், தீபாவளிக்குச் சேலை வெளுக்கிற ஒரு மத்தியானத்தில் அவன் போய்விட்டான். சுவரில் சாய்ந்தபடியே போனான். களி கிண்டிக்கொண்டிருந்தவளுக்கு, இருமல் சத்தம் நின்றதுதான் அடையாளம். வாடகை வண்டியில் கௌதள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்குப் புதைக்கிற வழக்கம். குழியில் இறக்கிய பிறகு வெற்றிலை வைத்தார்கள், புகையிலை வைத்தார்கள், மூக்குக்கண்ணாடியை வைத்தார்கள். சொர்ணலதா மஞ்சள் பையைக் கொடுத்தாள்.

“இதென்னம்மா?” என்றார் குழிக்குள் நின்ற பங்காளி.

“அவரு எழுதுனது. தலமாட்டுல வெச்சிருங்க. இந்த ஊட்டுல இதெ யாரு படிக்கப் போறா?”

பிளாஸ்டிக் தாளை அவள்தான் பிரித்து எடுத்தாள். அவனோடு போகிற பொருளுக்குப் பிளாஸ்டிக் எதற்கென்று தோன்றியது. மண்ணைத் தள்ளி முடிக்கும்போதே தூறல் விழுந்தது. தீபாவளி முழுக்க மழை கொட்டித் தீர்த்தது.

கேசரேக்குத் திரும்பி, பலகையின் முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். உட்காராவிட்டால் சோறு ஏது? அப்படி ஒரு பிற்பகலில் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சேகரன். காண்டிராக்டரிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தான். சட்டைக்குள்ளிருந்து காகிதம் சுற்றிய ஒன்றை எடுத்தான்.

“கட்டெ வாங்க வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேனுங்க்கா. வரல. சும்மா கெடக்குதேன்னு பத்திரிகை வேலைக்கு நடுவுல கோத்து அடிச்சுட்டேன். ரெண்டு எட்டு, பதினாறு பக்கம் ஆச்சு. அதுக்கு மேல என்கிட்டக் கட்டு இல்ல. அண்ணன் ஒரு தடவ பாத்துட்டா மிச்சத்தெ...”

சுவரோரம் காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தான். மாலை போட்ட படம் இன்னும் மாட்டவில்லை. ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜீவிதா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னிக்குங்க?”

“தீவாளிக்கு முந்தி.”

“அன்னிக்கே சொல்லியிருக்கோணும் நான். சொன்னா அந்த நாளெத் தாண்டக்கூடாதுங்கற பயம். தாண்டிருச்சுன்னா மாதப்பன் மொகத்துல எப்புடி முழிக்கறது?” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “போகட்டும். மிச்சக் கட்டெக் குடுங்க்கா. அவரு பேருக்கு நான் முழுசா போட்டுத் தாரேன். இதுக்குத் திருநீறு வேணும்னாலும் குடுங்க, அள்ளறேன்.”

சொர்ணலதா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அவரு கூடவே குழியில வெச்சுட்டோம் தம்பி.”

சேகரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ஜீவிதாதான் முந்திக்கொண்டாள். “அம்மா, தோண்டி எடுத்தா? பஸ்ஸுக்கு ஹோதரெ, பஸ்ஸுல போனா, நாளைக்கே எடுத்தரலாம். எடுத்தா என்ன தப்பு?”

சேகரன் அவளைப் பார்க்கவில்லை. சொர்ணலதாவிடம் கேட்டான். “மொதக் கட்டு மைப்பேனாவுல இருந்துச்சு. மிச்சமும் மைதானா? பால் பேனாவாக்கும்?”

“மைதான். கடேசி வரைக்கும் அதே பேனாதான்.”

“சுத்தி வெச்சீங்களா?”

“இல்ல.”

அவன் காகிதச் சுற்றை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். ஜீவிதா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ஈரமண்ணில் மை என்ன ஆகும் என்று அவளுக்கும் மெல்ல விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

சொர்ணலதாவுக்கு அழுகை வரவில்லை. லிங்கப்பன் வந்தான் நினைவுக்கு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவைச் சாத்தியவன். இவனும் அப்படித்தான் கட்டிக்கொண்டான். இவனிடம் கள்ளம் இல்லை, பயம்தான். அப்படியென்றால் அவன்? மாமியார் நம்பியதும், புருஷன் நம்பி எழுதியதும், தான் நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் எல்லாம் ஒரே பிடித் திருநீறு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி யாரும் இல்லை. மாமியாரும் இல்லை, புருஷனும் இல்லை, குழியில் வைத்ததும் இல்லை.

“மாதையன் பேரு இதுல இருக்குதா?” என்றாள்.

அவன் தாள்களைப் பிரித்து ஓரிடத்தைக் காட்டினான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு விரலை அங்கே வைத்தாள். கரி ஒட்டிக்கொண்டது.

“படிங்க தம்பி.”

சேகரன் படித்தான். அடுப்பு எரிந்தது. மாமியார் களிக்கட்டையால் களியைத் திருப்பிக் கிண்டினாள். கீரைச் சாற்றில் உப்பு கூடிவிட்டதென்று மாதையன் கத்தினான், கத்திக்கொண்டே இரண்டு உருண்டை தின்றான். சொர்ணலதாவுக்கு ஒருமுறை சிரிப்புகூட வந்துவிட்டது. துண்டை உதறினான். ‘வர்றேன்’ என்றான். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினான். அதற்குப் பிறகு சேகரன் குரல் நின்றது.

“அப்புறம்?”

“அவ்வளவுதானுங்க்கா.”

“குழிக்குப் போயிச் சேந்தானா?”

“இல்லீங்க. ஓடையில எறங்கறாரு. செருப்பெக் கழட்டிக் கையில எடுத்துக்கறாரு. தண்ணி மொழங்காலுக்கு வருது. அதோட பதினாறாம் பக்கம் முடிஞ்சுது.”

“அக்கட்டக் கரைக்கு ஏறுனானா, அதயாச்சும் சொல்லுங்க.”

“அது ரெண்டாங் கட்டுல இருந்திருக்கும்க்கா” என்றான் சேகரன்.